ஓடுபாதைக்கும் உங்களுக்கும் எத்தனை மீட்டர்?

கேள்வி: வணக்கம் சார். கார் பந்தயம், பைக் பந்தயம் என்றால் எனக்கு உயிர். கையில் கேனான் 1500டி இருக்கிறது. அதோடு சேர்ந்து வந்த 18-55, 55-250 ஐஎஸ் 2 என்று இரண்டு லென்ஸ்கள். போன மாதம்தான் முதல்முறையாகக் கேமராவோடு பந்தயத்துக்குப் போனேன். நூற்றுக்கணக்கில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிக்கு மேல் மங்கல். மங்காமல் வந்த படங்களிலோ கார் ரோட்டோரம் பார்க் பண்ணி வைத்த மாதிரி நிற்கிறது! வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் எஃப்/2.8 லென்ஸ் இல்லாமல் இதெல்லாம் நடக்காது என்கிறார் ஒரு நண்பர். லென்ஸை விடு, நொடிக்கு 15 படம் எடுக்கும், உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமராவுக்கு மாறு என்கிறார் இன்னொருவர். இரண்டையும் வாங்க என்னிடம் பணம் இல்லை. எதை முதலில் வாங்குவது? பழைய 150-600 லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது, அதை எடுத்துவிடலாமா?

பதில்: வணக்கம். நண்பர்கள் இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்கவில்லை. நீங்கள் நின்ற இடத்திலிருந்து டிராக் எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது? கடிதத்தில் நீங்களும் அதைச் சொல்லவில்லை. எந்த லென்ஸ் தேவை என்று அந்தத் தூரம்தான் சொல்லும். லென்ஸ் முடிவான பிறகுதான் பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவைப் பற்றிப் பேச வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பணமெல்லாம் தீர்ந்த பிறகு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். நீங்கள் அதற்கு முன்பே எழுதிவிட்டீர்கள், நல்லது.

எடுத்து வந்த படங்களை அழித்துவிடவில்லை என்று நம்புகிறேன். பாதி விடை அவற்றில்தான் இருக்கிறது. மங்கல் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டீர்கள், ஆனால் மங்கலில் வகை உண்டு. ஒவ்வொரு படத்தையும் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னணியில் உள்ள விளம்பரப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்து, காரில் மட்டும் கோடு இழுபட்டிருந்தால், கேமரா காரோடு சேர்ந்து திரும்பவில்லை. காரும் பின்னணியும் சேர்ந்து இழுபட்டிருந்தால், திரும்பியிருக்கிறீர்கள், ஆனால் காரின் வேகத்துக்குத் திரும்பவில்லை. அல்லது பட்டனை அழுத்தும்போது கை கீழே இறங்கியிருக்கிறது. காருக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் தார்ப்பரப்பு பொடிப்பொடியாகத் தெரிந்து, கார் மட்டும் கூர்மை இல்லாமல் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது.

முதல் இரண்டும் கை சம்பந்தப்பட்டவை. எவ்வளவு விலை கொடுத்துப் புதுக் கேமரா வாங்கினாலும் அவை கூடவே வரும். மூன்றாவது வகை அதிகமாக இருந்தால் மட்டும் லென்ஸின் மோட்டாரையும் பாடியின் ஃபோகஸையும் சந்தேகப்படுங்கள்.

பார்க் பண்ணி வைத்த கார் இதற்கு நேர் எதிரான சிக்கல். அந்தப் படங்களின் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள், 1/1000 நொடியைவிட வேகமாக இருக்கும். வேகமான பொருள் என்றதும் ஷட்டரை உச்சத்துக்கு ஏற்றிவிடத் தோன்றும், இயல்புதான். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்குச் சுமார் 42 மீட்டர் நகர்கிறது. டயரின் சுற்றளவை 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சக்கரம் நொடிக்கு 21 சுற்று சுற்றும். 1/2000 நொடியில் அது திரும்புவது 4 டிகிரிகூட இல்லை. டயரில் எழுதியிருப்பதைக்கூடப் படித்துவிடலாம், அப்புறம் கார் ஓடுகிறது என்று யார் நம்புவார்கள்? 1/125இல் அதே சக்கரம் 60 டிகிரி திரும்பிவிடும். கேமராவும் காரோடு சேர்ந்து திரும்பியிருந்தால் சக்கரம் குழைந்து, பின்னணி கோடுகளாக ஓடி, காரின் உடல் மட்டும் கூர்மையாக நிற்கும். இதைத்தான் பேனிங் என்கிறோம். இந்த 1/125ஐத் தருவதில் உங்கள் 1500டி எந்த விலையுயர்ந்த கேமராவுக்கும் இளைத்ததில்லை.

ஆகவே அடுத்த பந்தயத்துக்கு இருப்பதையே எடுத்துக்கொண்டு போங்கள். 1/250இல் தொடங்கி, கை பழகப் பழக 1/125, அப்புறம் 1/60 என்று இறங்குங்கள். ஃபோகஸை ஏஐ சர்வோவில் வையுங்கள், நகரும் பொருளை அது விடாமல் தொடரும். 1500டியில் உள்ள 9 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கு வகை, நெடுக்கும் குறுக்குமாக இரண்டு பக்கக் கோடுகளையும் பிடிக்கும். மற்ற எட்டையும் மறந்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெனுவில் கஸ்டம் ஃபங்ஷன் பகுதிக்குப் போனால் ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்பக்கம் கட்டைவிரல் படும் நட்சத்திரக் குறி பட்டனுக்கு மாற்றலாம். கட்டைவிரல் காரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் படம் எடுக்கும். முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருக்கும். பழகிய பிறகு பழைய முறைக்குத் திரும்ப மாட்டீர்கள்.

நிற்கும் விதமும் முக்கியம். கார் வரும் திசையைப் பார்த்துக் கால்களை ஊன்றாதீர்கள். எங்கே கிளிக் செய்யப்போகிறீர்களோ அந்த இடத்தைப் பார்த்துக் கால்களை வைத்து, இடுப்பை மட்டும் கார் வரும் பக்கம் திருப்பிக்கொண்டு, அது வர வர முறுக்கைத் தளர்த்துங்கள். கிளிக் செய்த பிறகும் காரோடு கொஞ்ச தூரம் போய்த்தான் நிறுத்த வேண்டும். 1/60க்குக் கீழே போனால் பத்துக்கு ஒன்று தேறுவதே நல்ல கணக்கு, நெடுநாள் பழகியவர்களுக்கும்கூட. நூற்றுக்கணக்கில் எடுத்துச் சில தேறியது என்று வருத்தப்படாதீர்கள்.

சரி, தூரத்துக்கு வருவோம். டிராக் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறதோ அதை 22ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்துப் பாருங்கள். படத்தின் அகலத்துக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்பது வந்துவிடும். 22 என்பது உங்கள் கேமரா சென்சாரின் அகலம், சரியாகச் சொன்னால் 22.3 மி.மீ. நிக்கான், சோனி, ஃபியூஜியின் ஏபிஎஸ்-சி (உங்களுடையதைப் போன்ற சிறிய சென்சார்) கேமராக்களுக்கு 23.5 என்றும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்கு 36 என்றும் போட்டுக்கொள்ள வேண்டும்.

50 மீட்டரில் நிற்கிறீர்கள், லென்ஸ் 250இல் இருக்கிறது என்றால் படத்துக்குள் அடங்குவது 4.4 மீட்டர். ஒரு சாதாரண காரின் நீளமே நாலரை மீட்டர் வரும், முன்பம்பரோ பின்பம்பரோ வெட்டுப்படும். அங்கே நீங்கள் ஜூமை 150க்குக் குறைக்க வேண்டியிருக்கும். புது லென்ஸுக்கு வேலையே இல்லை. 100 மீட்டரில் 8.8 மீட்டர் அடங்கும், படத்தின் பாதியைக் கார் பிடித்துக்கொள்ளும். பேனிங்குக்குக் காரின் முன்னால் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பதால் இது நல்ல அளவு. 150 மீட்டர் என்றால் 13 மீட்டர் அகலத்தில் கார் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அங்கேதான் 400 மி.மீ. தேவைப்படுகிறது. பைக் இன்னும் கஷ்டம். அதன் நீளம் 2 மீட்டர்தான். 100 மீட்டரிலிருந்து பைக்கைப் பாதிப் படத்துக்குக் கொண்டுவர 500 மி.மீ.க்கு மேல் வேண்டும். கார் பந்தயத்துக்குப் போதும் என்று வாங்கிய லென்ஸ் பைக் பந்தயத்தில் போதாமல் போவது இதனால்தான்.

போன மாதம் நின்ற இடத்தின் தூரத்தையும் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். 250இல் எடுத்த படத்தில் பக்கவாட்டில் தெரியும் கார் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் தூரம் 150 மீட்டருக்குப் பக்கம். அடுத்து போகப்போகும் இடத்துக்குக் கைபேசியின் செயற்கைக்கோள் வரைபடத்தில் உள்ள அளவுகோல் போதும். பார்வையாளர் நிற்குமிடத்திலிருந்து வளைவு வரை இழுத்துப் பாருங்கள். அப்படியே உங்கள் படங்களின் விவரங்களில் ஜூம் எண்ணையும் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே 250இல் முட்டிக்கொண்டு நின்றால் லென்ஸ் நீளம் போதவில்லை. 150க்கும் 220க்கும் நடுவே பரவியிருந்தால் நீளத்தில் குறையே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் லென்ஸ் வாங்க வேண்டும் என்று வந்தால், பணத்தை முதலில் அங்கே போடுவதுதான் சரி. உங்கள் 55-250 ஐஎஸ் 2 படத் தெளிவில் மோசமில்லை, ஆனால் அதன் ஃபோகஸ் மோட்டார் பழைய பாணி, மெதுவானது. நேராக உங்களை நோக்கி வரும் காரைத் துரத்த அதற்கு மூச்சு வாங்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 100 மீட்டர் வரைக்கும் கேனான் 70-300 ஐஎஸ் 2 யுஎஸ்எம் வாங்குவேன். 2016இல் வந்தது, எடை 710 கிராம், நானோ யுஎஸ்எம் மோட்டார் என்பதால் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கிறது. கூடுதலாகக் கிடைக்கும் 50 மி.மீ.யைவிட அந்த மோட்டாருக்காகத்தான் சொல்கிறேன். அதற்கு மேல் தூரமென்றால் 100-400 வகை. சிக்மாவின் 100-400 கன்டெம்பரரி ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். கேனானின் 100-400 எல் ஐஎஸ் 2 அதைவிடக் கனம், விலையும் அதிகம், ஆனால் வாங்கினால் பல ஆண்டுகளுக்கு மாற்ற வேண்டியிருக்காது.

எஃப்/2.8 பற்றி. இந்த எண் குறையக் குறைய லென்ஸின் துளை, அதாவது அப்பெர்ச்சர், விரியும். பகல் பந்தயத்துக்கு அது கட்டாயமே இல்லை. எஃப்/5.6ஐவிட நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும், உண்மைதான். ஆனால் பேனிங்கில் 1/125க்கு இறங்கியதுமே வெளிச்சம் தேவைக்கு மேல் வந்துவிடுகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் பிரச்சினை! உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/60 என்று வைத்தால் அப்பெர்ச்சர் எஃப்/20ஐத் தொடும். அவ்வளவு சுருக்கினால் படத்தின் கூர்மை குறையும், சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும். இரவுப் பந்தயம், மழை இருட்டு இரண்டுக்கும் எஃப்/2.8 வேண்டும். நீங்கள் இப்போதைக்கு அங்கே போகவில்லை.

வெளிச்சத்தைக் குறைக்க, லென்ஸின் முன்னால் மாட்டும் கருங்கண்ணாடியான என்டி 8 ஃபில்ட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். அது வெளிச்சத்தை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும். அதனால் இன்னொரு நன்மையும் உண்டு, பலர் யோசிப்பதில்லை. பார்வையாளர்கள் பெரும்பாலும் கம்பி வேலிக்குப் பின்னால்தான் நிற்க முடியும். லென்ஸை வேலிக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய், அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்தால் கம்பி கரைந்து மறைந்துவிடும். எஃப்/16 என்று சுருக்கினால் அதே கம்பி சாம்பல் நிறக் கட்டங்களாகத் திரும்ப வந்துவிடும். வெயிலில் மெதுவான ஷட்டரும் திறந்த அப்பெர்ச்சரும் ஒரே நேரத்தில் வேண்டுமானால் என்டி ஃபில்ட்டரைத் தவிர வேறு வழி இல்லை. வெயில் நேராகப் படும் வேலியைத் தவிர்த்து நிழலில் உள்ள பகுதியாகப் பார்த்து நில்லுங்கள். தடுத்திருக்கும் இடங்களுக்குள் போகவே கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி பாடி. நொடிக்கு 15 படம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் 1500டி நொடிக்கு 3 எடுக்கிறது. 150 கி.மீ. வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கார் 14 மீட்டர் போய்விடும். 15 எடுத்தாலும் இடைவெளி 3 மீட்டருக்குப் பக்கம் இருக்கும். வளைவின் உள்முனையை முன்சக்கரம் தொடும் கணம் அந்த 3 மீட்டருக்குள் எங்கோ நடந்து முடிந்திருக்கும். அதைப் பிடிப்பது விரல்தான். ஒன்றிரண்டு சுற்று கேமராவைத் தொடாமல் பார்த்தால், எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள், எங்கே சக்கரம் தூக்குகிறது என்று தெரிந்துவிடும். நான் எப்போதும் கொண்டையூசி வளைவுகளைத்தான் முதலில் தேடிப் போவேன். அங்கே கார்கள் வேகம் குறைந்து, முன்சக்கரம் திரும்பி, பைக்குகள் சாய்ந்து வரும். மெதுவான மோட்டாருக்கும் ஃபோகஸ் பிடிக்க நேரம் கிடைக்கும்.

அதனால் அடுத்த பாடி வாங்கும்போது வேகத்தைவிட ஃபோகஸைப் பார்த்து வாங்குங்கள். செலவு குறைய வேண்டுமென்றால் பழைய கேனான் 7டி மார்க் 2 இன்னும் அருமையான கருவி. 2014இல் வந்தது, 65 ஃபோகஸ் புள்ளிகளும் குறுக்கு வகை, நொடிக்கு 10 படம், ஷட்டர் 2 லட்சம் கிளிக்குகளுக்கு என்று தரப்படுத்தப்பட்டது. வாங்கும்போது எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் பக்கம் டி500 அதே வகை, ஆனால் அதற்காக லென்ஸ்களையெல்லாம் மாற்றுவது வீண் வேலை. மிரர்லெஸ் என்றால் ஆர்10 உங்களுக்குப் பொருந்தும். கார், பைக் என்று அடையாளம் கண்டு தொடரும் வசதி அதில் உண்டு, உங்கள் பழைய லென்ஸ்கள் அடாப்டர் வழியாக அப்படியே வேலை செய்யும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்10 இயந்திர ஷட்டரில் நொடிக்கு 15 படம், மின்னணு ஷட்டரில் 23. அந்த 23க்கு ஆசைப்படாதீர்கள். இந்த வகை சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. படித்து முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிடுவதால் அது சாய்ந்து தெரியும், சக்கரம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். இது புதுச் சிக்கலும் இல்லை. முதல் உலகப் போருக்கு முன்பு ஜாக் ஆன்ரி லார்த்திக் என்ற பிரெஞ்சுக்காரர், இருபது வயதுகூட நிரம்பாத பையன், ஒரு கிராண்ட் பிரீ காரைப் படம் எடுத்தார். அதில் சக்கரம் நீள்வட்டமாக முன்பக்கம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்கும் மனிதர்கள் பின்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவருடைய கேமராவின் ஷட்டர் திரை மெதுவாகக் கடந்ததும், அவர் காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பியும் காரின் வேகத்தை எட்டாததும்தான் காரணம். அந்தக் கோளாறே இன்று வேகத்தின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. ஆனால் உங்கள் காரை அப்படிக் கோணலாக்கினால் யாரும் பாராட்டப்போவதில்லை, இயந்திர ஷட்டரிலேயே இருங்கள். நிக்கான் இசட்9இல் இந்தத் தொல்லை மிகவும் குறைந்துவிட்டது, சோனி ஏ9 3இல் ஒழிந்தே விட்டது, விலையைப் பார்த்தால் அந்தப் பக்கமே போக மாட்டோம்.

லென்ஸின் மி.மீ.யைக் கூட்ட நடுவில் மாட்டும் டெலிகன்வெர்ட்டர் இப்போது வேண்டாம். வெளிச்சத்தைத் தின்னும், எஃப்/5.6க்கு மேல் போனால் 1500டியின் ஆட்டோ ஃபோகஸை நம்ப முடியாது. மெமரி கார்டு வேகமானதாக ஒன்று போதும், தொடக்கத்தில் ஜேபெக்கிலேயே எடுங்கள். பதப்படுத்தாத பெரிய கோப்பான ராவில் எடுத்தால் இந்தப் பாடி சில நொடிகளிலேயே நிரம்பித் திணறும். டிரைபாட் பந்தயத்தில் இடைஞ்சல்.

அந்த 150-600க்கு வருகிறேன். சிக்மாவின் கன்டெம்பரரியோ டாம்ரானோ எதுவானாலும் எடை சுமார் 2 கிலோ, சிக்மாவின் ஸ்போர்ட்ஸ் வகை என்றால் 3 கிலோவுக்குப் பக்கம். உங்கள் 55-250 ஒரு அரைக்கிலோகூட இல்லை. 2 கிலோவை நாள் முழுக்கக் கையில் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்ப முடியுமா என்று யோசியுங்கள், மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கி இல்லாமல் கஷ்டம். அதை அரங்கத்துக்குள் விடுவார்களா என்று டிக்கெட் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். 25 மீட்டரில் கார் வந்தால் 150இல்கூட முழுசாக அடங்காது. இன்னொன்று, மதிய வெயிலில் தார்ப்பரப்பிலிருந்து கிளம்பும் கானலை எந்த லென்ஸாலும் ஊடுருவ முடியாது. 200 மீட்டர் தள்ளி 600இல் எடுத்த படம் அலை அலையாக நெளிந்து வரும், ஃபோகஸ் தவறிவிட்டது என்று லென்ஸைத் திட்டுவோம். பைக் பந்தயம்தான் உங்கள் முதல் விருப்பம், நிற்பதும் 100 மீட்டருக்கு அப்பால்தான் என்றால் வாங்குங்கள், இந்த வகையில் அதற்கு ஈடான மலிவான வழி இல்லை. கார்தான், 100 மீட்டருக்குள்தான் என்றால் விட்டுவிடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் உங்கள் பாடியை எடுத்துக்கொண்டு போய் அதில் மாட்டியே பாருங்கள். விற்பவரின் கேமராவில் நன்றாக ஓடியது என்பது கணக்கில் வராது. ஏஐ சர்வோவில் வைத்து, சாலையில் உங்களை நோக்கி வரும் வண்டிகளை 600இல் ஒரு கால்மணி நேரம் துரத்துங்கள். ஜூம் வளையத்தை முனைக்கு முனை திருப்பி எங்காவது சிக்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஆர்10 பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அந்த லென்ஸின் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) எந்தப் பதிப்பில் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸைக் கணினியோடு இணைக்கும் கருவி, அதாவது சிக்மாவுக்கு யுஎஸ்பி டாக், டாம்ரானின் இரண்டாம் பதிப்பான ஜி2வுக்கு டாப்-இன் கன்சோல் இருந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். டாம்ரானின் முதல் 150-600இல் டாப்-இன் கன்சோல் வேலை செய்யாது, அதனால் அதை அடாப்டரோடு மிரர்லெஸ்ஸில் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.